சாகக் கூடாத வெள்ளிக்கிழமை

ரேவன்பெக் ஊரில் இன்றைக்கும் ஒரு வதந்தி உலவுகிறது. ஸ்டேன்டேல் பிரபு, அதாவது இப்போது இருப்பவரின் அப்பா, வியாழக்கிழமையே செத்துவிட்டாராம். மகனுடைய மசோதா வெள்ளிக்கிழமை மக்களவையில் ஓட்டுக்கு வருவதால், கிழவரைக் குளிப்பாட்டி, சவரம் செய்து, தொப்பி வைத்து, ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்களாம். போகிறவர் வருகிறவர் எல்லாம் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொன்னார்களாம். கிழவர் பதிலுக்குத் தலையசைக்கவில்லையாம். உயிரோடிருந்த காலம் முழுக்க எவனுக்கும் அவர் தலையசைத்ததில்லை என்பதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லையாம்.

கறுப்புக் கிடா மதுக்கடையில் இதைக் கேட்கலாம். இரண்டாவது கோப்பையில் கிழவர் வாயில் சுருட்டு சேரும். மூன்றாவதில் சுருட்டிலிருந்து புகை வரும்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய விஷயம் இல்லை இது. அந்தக் காலத்துச் சட்டப்படி, பிரபுவின் மூத்த மகன் தேர்தலில் நின்று மக்களவையில் உட்காரலாம். ஆனால் அப்பாவின் மூச்சு நின்ற அந்த நொடியே பட்டம் மகன் தலையில் வந்து இறங்கிவிடும். இறங்கினால் அவர் பிரபுக்கள் சபைக்காரர். மக்களவையில் அவருக்கு நாற்காலியும் கிடையாது, ஓட்டும் கிடையாது. வேண்டாம் என்று பட்டத்தை உதறும் வசதியெல்லாம் பிற்பாடு வந்தது. ஆகவே வதந்தி மெய்யென்றால், ஒரு நல்ல சட்டம் செல்லாத ஓட்டில் நிறைவேறியிருக்கிறது. பொய்யென்றால் ஒரு நல்ல கதை பாழ். இரண்டில் எது கெட்டாலும் எங்கள் உள்ளூர்ப் பத்திரிகைக்கு லாபம்தான் என்ற கணக்கில்தான் விசாரணை தொடங்கியது. விசாரித்து முடித்தபோது, கேலி பண்ணப் போன வாய் தானாக மூடிக்கொண்டது.

மகனிடமிருந்து தொடங்க வேண்டும். அப்பா இருந்தவரை அவருக்கு ஹார்ஸ்லி என்று பெயர். மூத்த மகனுக்கு இரவல் கொடுக்கும் சின்னப் பட்டம் அது. பிறந்த வீடு அறுபது அறை கொண்ட மாளிகை என்பதைத் தவிர அவரிடம் அசாதாரணமாக எதுவும் கிடையாது. பள்ளியில் கடைசி வரிசைக்கு ஒரு வரிசை முன்னால் உட்கார்ந்தார். யுத்தத்தில் கிடங்கில் இருந்து போர்வை எண்ணினார்; ஒரு போர்வையும் குறையவில்லை, ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. ரேவன்பெக் தொகுதி அவர்கள் குடும்பத்துக்குக் குடை வைக்கிற மூலை மாதிரி. மாமாவை எடுத்ததும் இவரை அங்கே சாத்தி வைத்தார்கள்.

மக்களவையில் அவர் எழுந்தால் தேநீர் அறை நிரம்பும். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர், "ஹார்ஸ்லி பேசறப்ப தூங்கறது தப்பில்லை, அவர் முடிக்கறதுக்கு முன்னாடி எழுந்திரிக்கறதுதான் தப்பு" என்றாராம். அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் ஹார்ஸ்லி. சிரிக்க மட்டும் அவருக்கு நன்றாக வரும்.

இப்படிப்பட்டவருக்கு ஒரு வேலை வந்து மாட்டிக்கொண்டது. முதல் தேர்தலில் ஓட்டுக் கேட்டுக் கல்குவாரி வரிசைக்குப் போனார். ஊரின் மேற்குச் சரிவில் உள்ள குவாரி அவர் அப்பாவுடையது. வரிசை வீடுகளும் அப்பாவுடையவை. வீட்டுக்கு வீடு ஒரு ஆள் ஜன்னலருகே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். பிரபு வீட்டுப் பிள்ளை உள்ளே வந்தும் ஒருவனும் எழுந்திருக்கவில்லை. திமிர் என்று நினைத்துக்கொண்டார். அப்பாவின் வாடகையை நினைத்தால் திமிருக்கு நியாயமும் இருந்தது. ஐந்தாவது வீட்டில், நாற்பதைத் தாண்டாத ஈனாக் தக்ரே என்பவனிடம் தாங்காமல் கேட்டேவிட்டார்.

"என் மேல உங்களுக்கெல்லாம் அவ்வளவு கோபமா?"

"கோபமெல்லாம் இருக்குதுங்க துரை. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை" என்றான் ஈனாக். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் ஒரு மூச்சு வாங்கினான். "எந்திரிக்கலாம். எந்திரிச்சா மறுபடி உக்கார்றதுக்குள்ள உங்க தேர்தலே முடிஞ்சிரும்."

கல்தூசு. வெட்டும்போது பறக்கும் தூசு நுரையீரலில் போய்ப் படிந்து, உள்ளுக்குள்ளேயே கல்லாகிறது. குவாரியில் வேலை பார்க்கும்போது செத்தால் குடும்பத்துக்கு நஷ்டஈடு உண்டு. மூச்சு முட்டி வேலையை விட்டு நின்று, சில வருஷம் கழித்துச் செத்தால் ஒன்றும் கிடையாது. அந்த நோய்க்கோ அவசரமே கிடையாது. ஆளை வேலையிலிருந்து நிறுத்தி, நஷ்டஈட்டுக் காலம் தாண்டியதும்தான் கொண்டுபோகும். குவாரி முதலாளிகளோடு பேசி வைத்துக்கொண்ட மாதிரி.

ஹார்ஸ்லி அன்று வீட்டுக்குப் போனதும் இரண்டு காரியம் செய்தார். அப்பாவுக்கு உடம்பு தளர்ந்துவிட்டது, பக்கத்தில் ஆள் வேண்டும் என்று சொல்லி ஈனாக்கை மாளிகைக்குக் கொண்டுவந்தார். அடுத்து, வேலையை விட்டு நின்றவனுக்கும் நஷ்டஈடு என்று ஒரு மசோதா எழுதத் தொடங்கினார். மந்திரியல்லாத தனி உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் நேரம். வெள்ளிக்கிழமை பாதிப் பேர் ஊருக்குப் போய்விடுவார்கள். மீதிப் பேரில் ஒருவர் எழுந்து சபை கலையும் நேரம்வரை பேசிக்கொண்டே இருந்தால் மசோதா செத்தது. வருஷா வருஷம் ஹார்ஸ்லி கொண்டுவந்தார். வருஷா வருஷம் அது செத்தது. பதினோரு வருஷம். கேலி பண்ணியவர்களுக்கே சலித்துவிட்டது, அவருக்குச் சலிக்கவில்லை. போர்வை எண்ணிய கை.

பெரிய பிரபுவுக்கு இந்த மசோதா வேப்பங்காய். மகன் தன் குவாரிக்கே வேட்டு வைக்கிறான் என்று சாப்பாட்டு மேஜையில் அவனுடன் பேசுவதை நிறுத்தினார். உப்பு வேண்டுமென்றால் ஈனாக்கிடம் சொல்லுவார். ஈனாக் ஹார்ஸ்லியிடம் சொல்லுவான். உப்பு வரும். ஈனாக்கோடு மட்டும் அவருக்கு எப்படியோ ஒத்துப்போயிற்று. இருவருக்கும் இளைப்பு. ஒருவர் எழுபதைத் தாண்டியதால், மற்றவன் கல்லைத் தாண்டாததால்.

"நீ முதல்ல போவியா, நான் முதல்ல போவேனா?" என்பார் பெரியவர்.

"மரியாதைப்படி நீங்கதான் முன்னாடி போகணும் துரை."

"கதவுல வேணா முன்னாடி போறேன். இதுல நீ போ."

ஒரே ஒரு தகராறு, ஜன்னல். ஈனாக்குக்குக் காற்று வேண்டும். பெரியவருக்குக் காற்று என்றால் எமன். அந்தப் படுக்கையறை ஜன்னலை அவர் திறக்க விட்டதேயில்லை.

பன்னிரண்டாவது வருஷம் மசோதா முதல்முறையாகக் கடைசிக் கட்டத்துக்கு வந்தது. மார்ச் மாத வெள்ளிக்கிழமை. அந்த வாரம்தான் பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். லண்டனுக்கு ரயில் ஏறும் முன் ஹார்ஸ்லி கட்டிலருகே வந்து நின்றார். பெரியவர் மகனைப் பார்க்காமல் ஈனாக்கைப் பார்த்துச் சொன்னார்:

"அவங்கிட்டச் சொல்லு. நான் வெள்ளிக்கிழமை மத்தியானம் சாகலாம்னு இருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம், ஓட்டுக்கு முன்னாடி."

ஈனாக் ஹார்ஸ்லியிடம் திரும்பி, "பெரியவரு ஒங்களுக்கு நல்ல பிரயாணம் அமையட்டும்னு சொல்றாருங்க" என்றான்.

வெறும் மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஸ்டேன்டேல் வம்சத்தில் சொன்ன நாளில் செத்தவர்கள் உண்டு. வியாழக்கிழமை முழுக்க மூச்சு இழுத்துக்கொண்டே இருந்தது. அன்று ராத்திரி புயல்காற்று வேறு.

வெள்ளிக்கிழமை பொழுது விடிந்ததும் பால் வண்டிக்காரர் மாளிகையை அண்ணாந்து பார்த்தார். பிரபு வீட்டிலிருக்கும் நாளெல்லாம் கோபுரத்தில் கொடி பறக்கும். பிரபு இறந்தால் பாதிக் கம்பத்துக்கு இறங்கும். கொடி பாதியில் நின்றது. காற்றில் கயிறு நழுவிப் பாதியில் மாட்டிக்கொண்டது என்று அவருக்கு யார் சொல்ல? கொடி ஏற்றுகிற தோட்டக்காரர் தங்கை வீட்டுக்குப் போயிருந்தார். மாளிகைக்குள் மிச்சம் இருந்தது பெரியவர், ஈனாக், ஒரு சமையல்காரி. வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத் தங்கள் தலைக்கு மேலே உள்ள கொடி தெரியாது.

பால்காரர் தொப்பியைக் கழற்றினார். கசாப்புக்கடை கதவைச் சாத்தியது. பாதிரியார் சாவு மணி அடிக்கச் சொன்னார். குவாரியில் சங்கு ஊதவில்லை. வரிசை வீடுகளில் பெண்கள் ஏப்ரனில் முகம் புதைத்து அழுதார்கள். நாற்பது வருஷமாகப் பெரியவரைச் சபித்த வாய்கள்; அவருக்காக அந்த வாய்கள் மனசாரக் கதறியது அந்த ஒரு காலைதான். அவர் போனால் ஹார்ஸ்லி மக்களவையில் இல்லை, ஹார்ஸ்லி இல்லாவிட்டால் மசோதா இல்லை என்று எல்லாருக்கும் தெரியும்.

ஊர் முழுக்க அழுதது. ஒருவர்கூட மாளிகைக் கதவைத் தட்டிக் கேட்கவில்லை. எங்கள் பக்கத்து நாகரிகம் அப்படி.

லண்டனில் ஹார்ஸ்லி சபை வாசலை நெருங்கும்போது கட்சிக் கொறடா வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஆழ்ந்த அனுதாபம், ஹார்ஸ்லி. உங்க ஊரு ஸ்டேஷன்லேருந்து பத்திரிகைக்காரங்களுக்குச் சேதி வந்துச்சு. நீங்க இனிமே உள்ளே போகக் கூடாது, தெரியுமில்ல?"

ஹார்ஸ்லிக்கு, அப்பா சொன்னபடியே செய்துவிட்டார் என்று முதலில் தோன்றியது. பிறகு, சாப்பாட்டுக்கு அப்புறம் என்றல்லவா சொன்னார், இன்னும் காலைகூடக் கழியவில்லையே என்று தோன்றியது. அப்பா எதற்கும் முன்கூட்டி வருகிற ஆள் இல்லை. ஹார்ஸ்லி தொலைபேசிக் கூண்டுக்குள் போனார். மாளிகையில் தொலைபேசி கிடையாது. ஊமையனெல்லாம் பேச ஆரம்பித்துவிடுவான் என்று பெரியவர் அதை உள்ளே விடவில்லை. ஊரில் இருந்த ஒன்று தபாலாபீஸில், மிஸ் ஃபாசெட் வசம். இணைப்புக் கிடைக்கும்போது மத்தியானம் ஆகிவிட்டது. உள்ளே சர் பெரெக்ரின் டால் என்கிற இன்னொரு குவாரி முதலாளி, ஹார்ஸ்லியின் சொந்தக் கட்சிக்காரர், மசோதாவைப் பேசியே கொல்வதற்கு எழுந்து, கல்லின் பெருமையை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

"மிஸ் ஃபாசெட், நான் ஹார்ஸ்லி பேசறேன்."

அந்தப்பக்கம் ஒரு பெருமூச்சு. "இனிமே அந்தப் பேரைச் சொல்லாதீங்க துரை. இப்ப நீங்கதான் பெரியவரு."

"யாரு சொன்னா?"

"கொடி பாதியில நிக்குது. மணி அடிச்சாச்சு. கசாப்புக்கடையே சாத்தியாச்சு. இதுக்கு மேல யாரு வந்து சொல்லணும்?"

"வீட்டுல போய் யாராவது கேட்டாங்களா?"

"எப்படிங்க கேக்கறது? துக்க வீட்டு வாசல்ல நின்னு, ஏங்க, செத்தது நெசந்தானான்னு கேப்பாங்களா? நாங்க மரியாதை தெரிஞ்ச ஊருங்க."

"பாதிரியார்?"

"அவரு போனாரு. யாராவது கூப்பிடுவாங்களான்னு லாயத்துப் பக்கமா ரொம்ப நேரம் நின்னாரு. யாரும் கூப்பிடல. துக்கம் தாங்கல போலன்னு திரும்பி வந்துட்டாரு, பாவம். சளி புடிச்சிருச்சு."

ஹார்ஸ்லி நெற்றியைக் கூண்டுக் கண்ணாடியில் சாய்த்துக்கொண்டார். வாழ்நாளில் அவருக்குப் புத்தி மின்னலாய் வேலை செய்த சந்தர்ப்பம் ஒன்றே ஒன்று, அது இதுதான்.

"மிஸ் ஃபாசெட், ஒரு உதவி. வெளியில போய் அப்பா ரூம் ஜன்னலைப் பாருங்க. கிழக்கு ஓரம், மேல்மாடி. திறந்திருக்கா, மூடியிருக்கான்னு மட்டும் சொல்லுங்க."

எங்கள் பள்ளத்தாக்கில் உயிர் போனதும் முதலில் ஜன்னலைத் திறப்பார்கள். ஆவி போக வழி வேண்டும். கண்ணை மூடிவிடுவதுகூட அதற்குப் பிறகுதான். எவ்வளவு ஏழை வீடானாலும், எந்தப் பனிக்காலமானாலும் சரி.

மிஸ் ஃபாசெட் போனார், வந்தார். "மூடித்தான் இருக்கு துரை" என்றார். பிறகு குரல் மாறியது. "இருங்க. ஏன் மூடியிருக்கு?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறேன்."

"அழுதுக்கிட்டு ஈனாக் மறந்திருப்பானோ?"

"ஈனாக் என் பேரை மறப்பான். அந்த ஜன்னலைத் திறக்கக் கிடைச்ச சந்தர்ப்பத்தை மறக்கமாட்டான்."

அப்போது ஓட்டு மணி அலறத் தொடங்கியது. ஹார்ஸ்லியின் நண்பர்கள், டாலின் பேச்சை நிறுத்தி ஓட்டுக்கு விட வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்திருந்தார்கள். அது நிறைவேற ஆதரவாக நூறு பேர் வேண்டும். எதிர்ப்பைவிட அதிகமாக இருந்தால் மட்டும் போதாது. ஆதரவு நூறுக்கு ஒன்று குறைந்தாலும் டால் விட்ட இடத்திலிருந்து கல்லைத் தொடர்வார். ஹார்ஸ்லி ஓடினார். வாசலில் கொறடா மறித்தார்.

"என் அப்பா உயிரோட இருக்கார்" என்றார் ஹார்ஸ்லி.

"உறுதியாத் தெரியுமா? இல்லைன்னா, சபைக்குச் சம்பந்தமில்லாத ஆளு ஓட்டுப் போட்டதாயிடும். உங்க பேரு நாறிடும்."

"உறுதி."

உறுதி என்பது ஒரு மூடிய ஜன்னல். அதுவும் இன்னொருவர் கண்ணால் பார்த்தது. தன் பெயர், தன் குடும்பத்தின் பெயர், பன்னிரண்டு வருஷத்து வேலை எல்லாவற்றையும் அந்த மனிதர் ஒரு தாழ்ப்பாளின் மேல் வைத்தார். போர்வை எண்ணுகிறவர் என்று சிரித்தோமே, அவர்தான்.

ஆம் என்பவர்கள் போகிற தாழ்வாரத்தின் வாயிலில் சர் பெரெக்ரின் டால் எதிர்ப்பட்டார். இல்லை என்பவர்களின் தாழ்வாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். அவரும் சேதி கேட்டிருந்தார்.

"நீ வீட்டுக்குப் போகலையா, ஹார்ஸ்லி?"

"ஓட்டுப் போட வந்தேன்."

"அப்பா போன நாள்லயா?"

"எனக்குத் தெரிஞ்சு அப்பா உயிரோடதான் இருக்கார், பெரெக்ரின்."

டால் அவரையே பார்த்தார். அந்தக் கல்முதலாளியின் கண் கலங்கியது. "அப்படித்தான் தோணும்ப்பா. எங்கப்பா போனப்ப நானும் ஒரு வாரம் இதையேதான் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்."

"இல்லை, நிஜமாவே. ஜன்னல் மூடியிருக்கு."

"மூடித்தான் இருக்கும், மூடித்தான் இருக்கும்" என்று தோளில் தட்டிக்கொடுத்தார் டால். பைத்தியம் பிடித்த நண்பனைத் தனியே விடுவதா? அதிலும் அப்பாவைப் பறிகொடுத்தவனை அதே நாளில் எதிர்த்து ஓட்டுப் போடுவதா? ஒரு கனவான் செய்கிற காரியமா அது? சர் பெரெக்ரின் டால் ஹார்ஸ்லியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஆம் தாழ்வாரத்துக்குள் கூடவே நடந்துபோனார்.

எண்ணிக்கை வாசிக்கப்பட்டது. ஆதரவு, நூறு. சரியாக நூறு.

டாலின் பேச்சு அதோடு நின்றது; மசோதா அன்று மாலைக்குள் மக்களவையைத் தாண்டிவிட்டது.

வதந்திக்கு வருவோம். ஜன்னல் மூடியிருந்தது சரி. ஆனால் அந்த ஜன்னலுக்குள் இருந்தது ஈனாக். மசோதா நிறைவேறினால் அவன் செத்த பிறகு அவன் மனைவிக்கு நஷ்டஈடு. பெரியவர் போன பிறகும் வேண்டுமென்றே ஜன்னலைத் திறக்காமல் இருந்திருந்தால்? ஊர் வாய்க்கு இது எட்டாமல் இருக்குமா? தொப்பியும் சுருட்டும் இங்கிருந்துதான் முளைத்தன.

ஈனாக் இன்னும் இருக்கிறார். டாக்டர்கள் கொடுத்த தேதிகளையெல்லாம் தாண்டிவிட்டார். வரிசை வீட்டில், அகலத் திறந்த ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார். கேட்டால் முகத்தைச் சுளிக்கவில்லை. மூச்சு வாங்கி வாங்கிச் சொல்கிறார்.

"காலைல மணி அடிக்க ஆரம்பிச்சுது. பெரியவரு கண்ணு மூடிக் கெடந்தாரு. போயிருவாருன்னுதான் நானும் நெனச்சேன். மெதுவா ஒரு கண்ணைத் தொறந்து, யாருக்குடா மணின்னாரு. நான் என்னத்தைச் சொல்ல? எட்டிப் பாத்தேன், ஊரே இந்தப் பக்கம் திரும்பித் தொப்பியைக் கழட்டிட்டு நிக்குது. ஒங்களுக்குத்தான் போல இருக்குதுங்க துரைன்னேன்."

எங்கள் ஊரில் செத்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை முறை மணி அடிப்பார்கள். பெரியவர் அசையாமல் படுத்து எண்ணினாராம்.

"எழுபத்தொம்போதுல நின்னு போச்சு. பெரியவரு எந்திரிச்சு உக்காந்துட்டாரு. வாரம் முழுக்கத் தலையத் தூக்க முடியாத மனுசன். எனக்கு எண்பத்தொண்ணுடா, அந்தப் பாதிரிக்கு ரெண்டு வருஷத்தைத் திருட எவன் அதிகாரம் குடுத்தான்னு கத்துனாரு. அப்பறம், இன்னைக்குச் சாகலாம்னுதான் இருந்தேன், இப்ப அவன் சொன்னதுக்காகச் செத்த மாதிரி ஆயிரும், இன்னைக்குச் சாக மாட்டேன்னுட்டாரு. எனக்கு நெஞ்சு அடைக்குது, காத்து வேணும். கொஞ்சம் ஜன்னலைத் தொறக்கட்டுமா துரைன்னு கேட்டேன். தொட்டா கையை ஒடிச்சிருவேன், தொறந்தா நான் செத்துட்டேன்னு அவன் முடிவு கட்டிருவான்னாரு. ஊருக்கு ஆள் அனுப்பிச் சொல்லட்டுமான்னா, வேணும்னா அவனே வந்து கேக்கட்டும்னுட்டாரு."

ஆக, மகனுடைய மசோதாவைக் கொல்வதற்காகச் சாக இருந்தவர், ஊர்க்காரர்களின் மரியாதையால் கோபம் வந்து, சாகாமல் இருந்துவிட்டார். அந்த ஜன்னலை மூடி வைத்தது ஈனாக் அல்ல; மசோதாவின் பரம எதிரியேதான்.

சாயங்காலம் மிஸ் ஃபாசெட் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு மாளிகைப் பின்கட்டுக்கு வந்து, ஓட்டு விவரம் சொல்லிவிட்டுப் போனார். ஈனாக் மேலே போய் நூறு என்றான்.

"நூறா? எத்தனை வேண்டியிருந்துச்சு?" என்றார் பெரியவர்.

"நூறேதான் துரை."

தான் மத்தியானம் செத்திருந்தால் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது என்று நின்றிருக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? திட்டுவார் என்று ஈனாக் காத்திருந்தான். "பன்னெண்டு வருஷம்" என்றார் பெரியவர். "பன்னெண்டு வருஷம் ஒரே கதவை இடிச்சிருக்கான். இந்த வீட்டுல எவனுக்கும் அவ்வளவு பிடிவாதம் இருந்ததில்லை. எனக்குக்கூட."

அதோடு பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை சாகமாட்டேன் என்றவர் சொன்ன சொல் தவறவில்லை. சனிக்கிழமை விடிகிற வேளையில் ஈனாக்கின் மணிக்கட்டைப் பிடித்து, "போ, திற" என்றார். ஈனாக் ஜன்னலைத் திறந்தான். பதினோரு வருஷத்துத் துருவில் அது முனகியது. மலைக்காற்று உள்ளே வந்தது. ஈனாக் நெஞ்சு நிறைய இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது பெரியவர் இல்லை.

தனக்கு வேண்டிய காற்றைப் பெரியவர் போகும்போது விட்டுவிட்டுப் போனார் என்கிறார் ஈனாக். இதில் கிண்டல் செய்ய என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தாயிற்று. கிடைக்கவில்லை.

மணி அன்று எண்பத்தொன்று அடித்தது. கொடியை யாரும் தொடவில்லை. அது ஏற்கெனவே சரியான இடத்தில் இருந்தது.

மசோதா அடுத்து பிரபுக்கள் சபைக்குப் போக வேண்டும். அங்கே அதற்கு இருந்த பெரிய எதிரி ஸ்டேன்டேல் பிரபு. அவர் இருக்கையில் இப்போது உட்கார்ந்தவரும் ஸ்டேன்டேல் பிரபுதான். துக்கத்துக்குப் போட்ட கறுப்புக் கோட்டோடு எழுந்து, வழக்கம்போல் எல்லாரும் தூங்கும்படி பேசினார். தூக்கத்திலேயே எதிர்ப்பில்லாமல் நிறைவேறிவிட்டது. இன்று வரிசை வீடுகளில் பதினேழு விதவைகள் அந்தச் சட்டத்தின் பேரில் சாப்பிடுகிறார்கள்.

ஒன்று பாக்கி. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் தேநீர் அறையில் டாலும் ஹார்ஸ்லியும் உட்கார்ந்திருந்தபோது மிஸ் ஃபாசெட்டின் தந்தி வந்தது: பெரியவர் உயிரோடு, கடுங்கோபத்தில். டால் அதை வாங்கிப் படித்தார். மறுபடியும் படித்தார்.

"நீ என்னை ஏமாத்திட்டே."

"உண்மையைத்தானே சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன்."

"சொன்ன. ஆனா அழுத மூஞ்சியோட சொன்ன. அதை எவன் நம்புவான்?" டால் கோப்பையைத் தள்ளி வைத்தார். "எனக்கு நீ ஒரு ஓட்டுத் தரணும், ஹார்ஸ்லி. நான் வேண்டாம்னு நெனச்ச பக்கம் நான் நடந்த மாதிரி, நீயும் நடக்கணும்."

ஹார்ஸ்லி யோசித்துப் பார்த்தார். அவர் முகம் அன்று எப்படி இருந்தது என்று அவருக்கே தெரியும். "நியாயம்தான்" என்றார். "திங்கக்கிழமையே தீர்த்துடறேன்."

சனிக்கிழமை அப்பா போனார். திங்கட்கிழமை ஹார்ஸ்லிக்கு மக்களவையில் ஓட்டே இல்லை.

அதன் பிறகு பிரபுக்கள் சபையில் டாலுக்குப் பிடித்த ஏதாவது ஒன்றுக்கு ஓட்டுப் போடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தார். "அது வேற சபை, வேற காசு" என்றார் டால். காட்டுக்கோழி அனுப்பினார், டால் நன்றி சொல்லித் தின்றுவிட்டு, ஓட்டு அப்படியே இருக்கிறது என்று நினைவூட்டினார். இரண்டு வருஷத்துக்கு முன்பு, பிரபுக்கள் விரும்பினால் பட்டத்தை உதறிவிட்டு மக்களவைக்கு நிற்கலாம் என்று சட்டம் வந்தது. இருக்கிறவர்கள் முடிவெடுக்க ஒரு வருஷம் கெடு. அந்த வாரமே டாலிடமிருந்து சேதி: வழி திறந்துவிட்டது, வந்து தீர்த்துவிட்டுப் போ.

ஸ்டேன்டேல் பிரபு இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் விசேஷம். குவாரி வரிசைக்கு நடந்துபோய் ஈனாக்கிடம் யோசனை கேட்டாராம்.

"ஒரே ஒரு ஓட்டுக்காகவா துரை, நானூறு வருஷப் பட்டத்தை விடப்போறீங்க?"

"கடன் கடன்தானே ஈனாக்."

"அவரு எந்த மசோதாவுக்கு ஓட்டு கேப்பாருன்னு தெரியுமா? நம்ம சட்டத்தைத் திருப்பி எடுக்கறதுக்குக் கேட்டா?"

பிரபு திறந்த ஜன்னல் வழியாக வரிசை வீடுகளைப் பார்த்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினாராம். கெடு போய்விட்டது. பட்டம் இருக்கிறது. டாலுக்கு இப்போது எழுபத்து நான்கு வயசு; அடுத்த தேர்தலிலும் நிற்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஓய்வு பெறும் உத்தேசம் இல்லையா என்று கேட்டால், வரவேண்டிய ஓட்டு ஒன்று இன்னும் வரவில்லை என்கிறார்.